தட்டைத் திருப்பும் நேரம்



இந்த அறக்கட்டளை யார் நினைவாக நடக்கிறதோ, அந்த ஐயா பாட்டுக்காரர் இல்லை. தாலாட்டுகூடச் சுருதியோடு பாட வராது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் மைக்செட் வைத்திருந்தார். தாராபுரத்தைச் சுற்றி மூலனூர், குண்டடம் வரைக்கும் கல்யாணமோ, காதுகுத்தோ, மாரியம்மன் நோம்பியோ எதுவானாலும் முதல் நாள் பொழுது சாய்வதற்குள் அவருடைய வண்டி அங்கே போய்ச் சேர்ந்துவிடும். இருப்பதிலேயே உயரமான வேப்பமரத்தில் ஆளை ஏற்றிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். விடிகாலை நாலு மணிக்கு ஊரே இருட்டாகக் கிடக்கும்போது முதலில் ஒரு கரகரப்பு வரும். அதன் பின்னால் நாகஸ்வரம் வரும்.

நான் நாயனக்காரர் வீட்டுப் பிள்ளை. என்றாலும் நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை எனக்குக் காட்டியவர் அப்பா அல்ல, இந்த ஐயாதான். பிள்ளை 1956 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். அவரை நேரில் கேட்கும் பாக்கியம் என் வயதுக்காரர்களுக்கு இல்லை. அவர் வாசித்த தோடி ராக இசைத்தட்டு ஒன்று ஐயாவிடம் இருந்தது. அதைக் கேட்பதற்காகவே அவருடைய கொட்டகையில் போய் உட்காருவேன். ஒரு பக்கம் முடிந்ததும் முள்ளைத் தூக்கி, தட்டைத் திருப்பி, முள்ளைப் புதிதாக மாற்றி வைப்பார். "முள்ளுக்குக் காசு பார்த்தா தட்டுப் போயிரும் கண்ணு" என்பார். அந்தத் தோடியை நூறு தடவை கேட்டிருப்பேனா, இருநூறு தடவையா, கணக்கில்லை. கேட்டதை அப்படியே சீவாளியில் பிடித்துவிட்டேன்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு. அப்போது நான் இரண்டாம் நாயனம். முதல் நாயனம் வாசித்த பெரியவர் களைத்துப் போய், "நீ கொஞ்சம் வாசி" என்று விட்டார். விட்டேன் தோடியை. எனக்கே மெய் சிலிர்த்தது. முடித்த பிறகு பெரியவர் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, நடுவுல ஒரு எடத்துல சடக்குன்னு நின்னியே, எதுக்கு? மூச்சு முட்டுச்சா?"

"இல்லீங்கய்யா. ராஜரத்தினம் பிள்ளை அப்படித்தானுங்க வாசிச்சிருக்காரு."

ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐயா இதைக் கேட்டுவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "அடப் பாவமே! அங்க அவரு நிக்கலீங்க. தட்டுத் தீந்துபோச்சு. நாந்தான் திருப்பிப் போட்டேன்."

ஊரே சிரித்தது. வருஷக்கணக்கில் சிரித்தது. இன்று என்னைப் பேச அழைத்ததற்கும் இந்தக் கதைதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வித்வான் எங்கே நின்றார், தட்டு எங்கே நின்றது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமலே இத்தனை நாளும் கேட்டிருக்கிறேன் என்றுதானே அதற்கு அர்த்தம்?

வழக்கமான பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. கோயில் வாசலில் ஒரே தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர் என்று பேரெடுத்த மனிதர் அதை அந்தச் சிமிழுக்குள் அடைக்க வேண்டியிருந்தது. எதை விட்டார், எதை வைத்தார் என்று பாருங்கள். எந்தப் பிடி இல்லாவிட்டால் ராகம் செத்துப்போகுமோ அது உள்ளே இருக்கும். கச்சேரியில் கைதட்டலுக்காக வாசிக்கிற பிருகாவில் முக்கால்வாசி வெளியே போயிருக்கும். தட்டில் கேட்கும்போது நான் மாணவர்களுக்குச் சொல்வது இதைத்தான்: அவர் வாசித்ததைப் பிடிக்காதே, அவர் விட்டதைத் தேடு. நெரவலும் ஸ்வரமும் இழுத்து இழுத்து ஒரு மணி நேரம் ஓடும் இன்றைய பதிவுகளில் இந்தப் பாடம் கிடைப்பதில்லை. இது என் அபிப்பிராயம். சண்டைக்கு வருபவர்கள் கூட்டம் முடிந்த பின் வரலாம்.

பழைய தட்டுகளைப் பற்றிப் பேசும்போது நம் கோயம்புத்தூரில் 1872இல் பிறந்த ஒரு பெண்மணியைச் சொல்ல வேண்டும். பழனிக்குஞ்சரம் என்று பெயர். ஆடலும் பாடலும் குலத்தொழிலாக இருந்த குடும்பம். சென்னைக்குப் போய்க் கோயம்புத்தூர் தாயி என்று புகழ் பெற்றார். கிராமபோன் இங்கே கால் வைத்த புதிதில் ஏறக்குறைய 300 பதிவுகள் கொடுத்தவர். அந்தக் காலத்தில் மைக் கிடையாது. ஒரு தகரக் கூம்புக்குள் முகத்தை வைத்துப் பாட வேண்டும். குரல் மேலே போகும்போது பின்னால் சாய வேண்டும், கீழே வரும்போது முன்னால் குனிய வேண்டும். கல்கத்தாவில் 1908இல் தொழிற்சாலை வரும் வரைக்கும், இங்கே பாடியதை மெழுகில் பிடித்து, ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்கு அனுப்பி, அங்கே அரக்கில் அச்சடித்து, மறுபடி கப்பலில் இங்கே கொண்டுவந்து விற்றார்கள்.

1912இல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். மோரிஸ் தெலாஜ், புகழ்பெற்ற இசையமைப்பாளர் ரவேலின் மாணவர். ஊருக்குத் திரும்பும்போது தாயியின் தட்டும் அவரோடு போயிற்று. அதைக் கேட்டுக் கேட்டு, பியானோவுக்கு 'ராகமாலிகா' என்று ஓர் உருப்படி எழுதினார். தலைப்புக்குக் கீழே 'தமிழ்ப் பாட்டு' என்று பிரெஞ்சில் போட்டிருக்கிறார். அதில் ஒரு காரியம் செய்தார் பாருங்கள். பியானோவின் கீழ்ஸ்தாயித் தந்தி ஒன்றுக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். தந்தியின் நாதம் மங்கி, தோல்வாத்தியம் தட்டுவதுபோல் ஒலிக்கும். கொர்ரென்று இரைகிற தட்டில் பாட்டுக்குப் பின்னால் மத்தளம் மாதிரி ஏதோ கேட்டிருக்கிறது. அதையும் விடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். தட்டிலிருந்து ஒருவர் எதையாவது எடுத்தார் என்றால் இப்படி எடுக்க வேண்டும். அவர் நம் ராகத்தைச் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று கேட்டால், முழுக்க இல்லை. பியானோவில் கமகம் எங்கிருந்து வரும்? ஆனாலும் ஒரு காது முழுசாக விழித்துக்கொண்டது, அது நிச்சயம்.

சிதார் கலைஞர் இம்தாத் கானின் தட்டைக் கேட்டுத் தெலாஜ் எழுதிய 'லாகூர்' என்ற பாட்டு 1914 ஜனவரியில் பாரீஸில் அரங்கேறியது. பாடகி ஓரிடத்தில் வாயை மூடிக்கொண்டே பாடுகிறாள். செல்லோ வாசிப்பவர் தந்தியில் விரலை வழுக்கி இழுக்கிறார். இதெல்லாம் அங்கே அவர்களுக்குப் புதுசு.

தாயி பிறந்த அதே 1872இல் வடக்கே பிறந்தவர் இந்துஸ்தானிப் பாடகர் அப்துல் கரீம் கான். 1937இல் புதுச்சேரிக்குப் போகும் வழியில் நம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் உயிர் விட்டவர். அவருடைய தும்ரித் தட்டு ஒன்று கர்நாடகத்தில் ஒரு கடையில் ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு வயதுப் பையன் ஒருவன் தெருவில் நின்று கேட்டான். இப்படிப் பாடக் கற்றுத்தர ஆள் வேண்டும் என்று 1933இல் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டான். டிக்கெட் இல்லாத ரயில், ஊர் ஊராக அலைச்சல். கடைசியில் குரு கிடைத்தார், அதே கான் சாகிபின் சீடர் சவாய் கந்தர்வா. பையன்தான் பின்னாளில் பாரத ரத்னா பெற்ற பீம்சேன் ஜோஷி. தட்டு அவருக்குப் பாட்டுச் சொல்லித் தரவில்லை. ஆளைக் கிளப்பிவிட்டது. நான் வீட்டிலேயே உட்கார்ந்து தட்டையே குருவாக்கப் பார்த்தேன். என் தப்பு அங்கேதான் இருந்தது. ஜோஷி கிளம்பினார், நான் கிளம்பவில்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில் வருவோம். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் 27 வயதில் போய்விட்டார். பேசும் படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. நாடக மேடையில் அவரைக் கேட்டவர்கள் அநேகமாக யாரும் இன்றில்லை. ஆக, இன்று கிட்டப்பா என்றால் அவர் கொடுத்த தட்டுகள்தான், வேறொன்றும் இல்லை. அவற்றில் ஒன்று சுழலும்போது வேகம் கொஞ்சம் கூடினால் சுருதி ஏறிவிடும், குறைந்தால் இறங்கிவிடும். 78 சுற்று என்பது பேச்சுக்கு. பழைய தட்டுகள் பலவும் அந்த வேகத்தில் பதிந்தவை அல்ல. "அடேயப்பா, என்ன கட்டை!" என்று நாம் வியக்கும் இடத்தில் பாதி மோட்டாரின் கைங்கரியமாகவும் இருக்கலாம். கேட்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுந்தராம்பாள் விஷயம் வேறு. இளம்வயதில் கொடுத்த தட்டுகளையும், 1965இல் 56 வயதில் 'திருவிளையாடல்' படத்தில் ஔவையாராக நின்று பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். குரல் தடித்திருக்கிறது, அவசரம் போயிருக்கிறது, சொல் ஒவ்வொன்றும் தரையில் ஊன்றி நிற்கிறது. ஒரே மனிதரின் முப்பது வருஷத்தைக் கால் மணி நேரத்தில் கேட்க எந்தக் குருகுலத்திலும் வழியில்லை. பல்லடம் சஞ்சீவ ராவின் குழலையும் தேடிக் கேளுங்கள். 1943இல் சங்கீத கலாநிதி பெற்றவர். பல்லடத்துக்கு பஸ் ஏறுகிற நமக்கு அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிள்ளைகளின் செல்போனில் இன்று எல்லாம் கிடைக்கிறது. திருப்பிப் போட வேண்டிய வேலை இல்லை. அதனால் அந்த நடு இடைவெளியும் இல்லை. ஐயா முள்ளை மாற்றும் அந்த அரை நிமிடத்தில்தான் நான் கேட்டதை மனசுக்குள் ஒருமுறை வாசித்துப் பார்ப்பேன். இப்போது என் மாணவர்களிடம், மூன்று நிமிடம் கேட்டதும் நிறுத்து, வாசித்துப் பார், பிறகு மேலே போ என்கிறேன். நிறுத்துகிறவர்கள் தேறுகிறார்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் கிடந்தால் ஆக்கர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படுக்கவைத்து அடுக்க வேண்டாம், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். வெயில் படக் கூடாது. தூசி இருந்தால் மெல்லிய துணியால் சுற்றுவாட்டில் துடையுங்கள். ஸ்பிரிட் மட்டும் தொடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். ஐயாவின் வீட்டில் அந்தத் தோடித் தட்டு இன்னும் இருக்கிறது. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது, ஆனால் ஓடுகிறது. அவருடைய பேத்தி கொண்டுவந்திருக்கிறார். இப்போது கேட்போம். நடுவில் திருப்பிப் போடுவார், யாரும் எழுந்துவிட வேண்டாம்.