கேட்டவுடன் பேசும் சிட்டை

கடையிலே துணி வாங்குவோர் அதன் விலைச்சிட்டையினுள் ஒளிந்திருக்கும் மெல்லிய உலோக இழையைக் கவனிப்பது அரிது. அவ்விழையின் நடுவே கடுகினும் சிறிய சிப் ஒன்று ஒட்டியிருக்கும். அதற்கு மின்கலம் இல்லை. வாசிக்கும் கருவி வீசும் வானொலி அலையிலிருந்தே அது தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறுகின்றது. அவ்வலையையே சிறிது மாற்றித் திருப்பியனுப்பித் தன் எண்ணைத் தெரிவிக்கின்றது. இவ்வாறு தெறித்து மீளும் அலையாற் செய்தி அனுப்பலாம் என்பதை ஹரி ஸ்ரொக்மன் 1948ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார்.

எனினும், இச்சிட்டை உலகெங்கும் பரவுவதற்குப் பொதுவான நியமம் ஒன்று வேண்டியிருந்தது. ஒருவர் செய்த சிட்டையை மற்றொருவர் செய்த கருவி வாசிக்க இயலாவிடின், துறைமுகத்துக்கும் பண்டசாலைக்கும் அதனாற் பயனில்லை. 2004ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட ‘இரண்டாந் தலைமுறை’ நியமம் இக்குறையைத் தீர்த்தது. 2006ஆம் ஆண்டில் அது சர்வதேச நியமமுமாயிற்று. 860 முதல் 960 மெகாஹேட்ஸ் வரையுள்ள அலைகளில் ஒவ்வொரு நாடும் தனக்கெனச் சில அலைகளை ஒதுக்கியுள்ளது. ஐரோப்பாவின் அலையும் அமெரிக்காவின் அலையும் வேறாயினும், ஒரே சிட்டை இரண்டுக்கும் விடையளிக்கும்.

ஒரு பெட்டியில் இருநூறு சட்டைகள் இருந்தால், இருநூறு சிட்டைகளும் ஒருங்கே பேசிக் குழப்பமாட்டாவா? நேயர்கள் ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளலாம். மாணவர் ஒவ்வொருவரும் மனத்தில் ஓர் எண்ணை நினைக்கின்றனர். ஆசிரியர் அழைக்கும்தோறும் அதில் ஒன்றைக் குறைக்கின்றனர். பூச்சியத்தை அடைந்தவர் மட்டும் பேசுகின்றார். இருவர் ஒன்றாகப் பேசிவிட்டால், அவர்கள் மறுசுற்றில் அழைக்கப்படுவர். சிட்டைகளும் இவ்வாறே முறைவைத்துப் பேசுகின்றன.

ஆயின், யார் கேட்டாலும் பேசும் சிட்டை ஆபத்தும் உடையது. சட்டையை அணிந்து செல்பவரை அவரறியாமலே அதன் எண்ணைக்கொண்டு பின்தொடரலாம். 2004ஆம் ஆண்டு நியமம் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது: இரகசிய எண்ணால் சிட்டையை அடியோடு செயலிழக்கச் செய்யலாம். செயலிழந்த சிட்டையோ பின்னர் ஒன்றுக்கும் உதவாது.

2013ஆம் ஆண்டில் வெளிவந்த திருத்தம் இதனினும் நுட்பமானது. சிட்டை தன் எண்ணை மறைத்துக்கொள்ளலாம். கேட்பவரின் உரிமையைச் சோதித்த பின்னரே பேசலாம். தான் போலியன்று என நிறுவவும் செய்யலாம். ஆனால், இவ்வாற்றல்கள் கட்டாயமானவை அல்ல. விலை குறைந்த சிட்டையில் அவை இல்லாதிருக்கலாம். நியமம் கதவுக்குப் பூட்டைத் தந்துள்ளது. அதைப் பூட்டுவது சிட்டையைத் தேர்ந்தெடுக்கும் வணிகரின் பொறுப்பு, பூட்டுமாறு கேட்பது வாங்குவோரின் உரிமை.