புதிய ஆசிரியர்கள் ஏன் நிலைப்பதில்லை?

(சென்னையில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

 

உங்களில் பலர் ஓரிரு ஆண்டுகளில் வகுப்பறைக்குள் போகப் போகிறீர்கள். அறப்பணி, தியாகம், சேவை என்று சொல்லித்தான் உங்களை அனுப்பி வைப்பார்கள். அந்தச் சொற்கள்மீது எனக்குச் சந்தேகம் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கூலி கொடுக்காமல் வேலை வாங்கப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து முதன்முதலாகப் படித்து வருகிறவரிடம் மறுபடியும் தியாகம் கேட்பது என்ன நியாயம்?

பதினான்கு ஆண்டுகளாக வடசென்னையில் பாடம் நடத்துகிறேன். வந்த வேகத்தில் போன இளம் ஆசிரியர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்குப் பயந்து ஓடியவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்களைத் துரத்தியது ஆசிரியர் அறை, சம்பளம், வாடகை வீடு.

முதலில் ஆசிரியர் அறை. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார் அம்பேத்கர். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர். அப்படியிருந்தும், பேராசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். இன்று பானை இருந்த இடத்தில் ஆர்.ஓ. இயந்திரம் நிற்கிறது. ஆனால் புதிதாக வந்தவரிடம், "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? எந்த டர்ன்ல வேலை கெடச்சுது?" என்று கேட்பது நிற்கவில்லை.

அடுத்தது சம்பளம். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக எடுக்கப்பட்ட இடைநிலை ஆசிரியருக்கு அறிவிக்கப்பட்ட மாதத் தொகுப்பூதியம் 7,500 ரூபாய். பிறகு அது உயர்ந்தது. ஆனாலும் வேலை தற்காலிகம்தான். நிரந்தரமானவர்களுக்குள்ளும் பாகுபாடு உண்டு. 1.6.2009க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய், பின் சேர்ந்தவருக்கு 5,200 என்று பிரித்தார்கள். ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை, இரண்டு சம்பளம். இந்தப் பணத்தில் சென்னையில் வீடு தேட வேண்டும். அங்கேயும் "நீங்க சைவமா?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் சாவியைக் காட்டுவார்கள்.

இதில் இழப்பு யாருக்கு? கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் விடப்பட்ட குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். வீடு, தெரு, பழைய பள்ளி எல்லாவற்றையும் இழந்து வந்த குழந்தைக்கு ஆசிரியரும் ஆண்டுதோறும் மாறினால், எந்தப் பெரியவரை நம்பி அது வாய் திறக்கும்?

1848இல் புனேயில் பெண் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் போன சாவித்திரிபாய் மீது சேற்றையும் சாணியையும் வீசினார்கள். இதை எப்போதும் அவருடைய மனவுறுதியின் கதையாகவே சொல்கிறோம். அவருடன் யார் நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பம் வெளியேற்றியபோது உஸ்மான் ஷேக் வீடு கொடுத்தார். ஃபாத்திமா ஷேக் உடன் உழைத்தார். 1856இல் நோயுற்றுத் தாய்வீட்டில் இருந்த சாவித்திரிபாய், தான் இல்லாததால் ஃபாத்திமாவுக்குச் சிரமம் கூடியிருக்குமே என்று ஜோதிராவுக்குக் கடிதம் எழுதினார். தான் இல்லாத நாளிலும் பாரத்தைச் சுமக்க ஒரு தோழி இருந்தார். நம் பள்ளியில் புதிய ஆசிரியர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் அவர் வகுப்பை யார் பார்ப்பார்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. முதல் ஆண்டில் பாடவேளைகளைக் குறைக்க வேண்டும். எமிஸ் பதிவையும் வாக்காளர் பட்டியல் வேலையையும் புதியவர் தலையில் கட்டக் கூடாது. அனுபவமுள்ள ஓர் ஆசிரியர் வாரம் ஒரு பாடவேளை அவருடன் வகுப்பில் உட்கார வேண்டும். குறை எழுத அல்ல, கூட நடத்த. அந்த நேரத்தை மூத்தவரின் பணி நேரமாகவே கணக்கிட வேண்டும். ஆசிரியர் அறையில் சாதி இழிவு நடந்தால் புகார் செய்ய, தலித் உறுப்பினர்கள் உள்ள குழு வேண்டும். சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் தற்காலிக ஆசிரியர்களையும் உறுப்பினராக்கிப் போராட வேண்டும்.

ஆசிரியராகப் போகாத தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. நீங்கள் படித்த அரசுப் பள்ளிக்குப் போய், இந்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் போனார்கள், ஏன் போனார்கள் என்று கேளுங்கள்.

சட்டமும் ஆணையும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் சேர்ந்த பள்ளிக்கு உங்களுக்குப் பின் ஒருவர் வருவார். முதல் நாள் மதியம் ஊரையும் தெருவையும் கேட்காமல், உங்கள் சாப்பாட்டு டப்பாவை அவர் பக்கம் நகர்த்துங்கள். வேலையைப் பிறகு சேர்ந்து செய்யலாம்.