மீனின் குடலும் மூலிகைத் தீவனமும்

(மீன்வள அலுவலர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீனை முட்டையிடச் செய்தனர். மீன் குஞ்சுக்காக ஆற்று வெள்ளத்தை எதிர்நோக்கியிருந்த நிலை அதன் பின்னர் படிப்படியாக அகன்றது. குஞ்சு கிடைத்தது, அதற்கு என்ன உணவளிப்பது என்ற கேள்வி எஞ்சியது. வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் இன்று தீவனத்துக்கே செல்கிறது. எனவே, இட்ட தீவனத்தில் எவ்வளவு மீனாக மாறிற்று என்பதைப் பொறுத்தே பண்ணையாளரின் இலாபம் அமைகிறது.

கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய நம் நாட்டுக் கெண்டைகளுக்கு உண்மையான இரைப்பை கிடையாது. நமது வயிற்றில் சுரப்பது போன்ற அமிலமோ, பெப்சின் என்னும் நொதியோ அவற்றுக்கு இல்லை. செரிமானம் முழுவதையும் நீண்ட குடலே ஏற்கிறது. பித்தநீரும் கணையச் சாறும் அதற்குத் துணை நிற்கின்றன. குடலின் உட்சுவர் பழுதுபட்டால் தீவனம் கழிவாகக் குளத்தில் கலக்கிறது, நீர் கெடுகிறது, நோய் புகுகிறது.

நோய் புகுந்ததும் கை எங்கே போகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தீவனத்தில் கலக்கும் பழக்கம் பரவியது. அதனால் மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்கள் பெருகின. வளர்ச்சிக்காக இம்மருந்துகளைத் தீவனத்தில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து தடை செய்தது. கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019இல் விலக்கியது. அந்த மருந்து மனிதனுக்குக் கடைசிப் புகலிடமாக இருப்பதே காரணம்.

இந்த இடத்தில்தான் பூண்டு, மஞ்சள், இஞ்சி, வெந்தயம், கருஞ்சீரகம், முருங்கையிலை முதலியவை ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தன. இவற்றுள் சில பித்தநீர்ச் சுரப்பையும் செரிமான நொதிகளையும் தூண்டுகின்றன. சில, தீமை செய்யும் நுண்ணுயிர்களை அடக்குகின்றன. குடல் உறிஞ்சிகள் நீண்டு வளர்ந்ததாகவும், மீனின் எதிர்ப்பாற்றல் உயர்ந்ததாகவும் பல சோதனைகள் காட்டியுள்ளன. பெரும்பாலும் 100 கிலோ தீவனத்துக்கு அரைக் கிலோ முதல் 2 கிலோ வரையே சேர்த்துள்ளனர். ஆனால் இச்சோதனைகளில் மிகப் பல தொட்டிகளில், சில வாரங்களே நடந்தவை என்பதை மறத்தலாகாது. பருவமழையையும் பாசியையும் தொட்டி அறியாது.

"மூலிகைதானே, தீங்கு செய்யாது" என்று கூறுவோருக்கு இலுப்பைப் புண்ணாக்கை நினைவூட்டுவேன். குஞ்சு விடுமுன் வேண்டாத மீன்களைக் கொல்ல ஹெக்டேருக்கு 2,500 கிலோ வரை நாம் இடுவது அதைத்தான். அதிலுள்ள சப்போனின் மீனின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. இரண்டு மூன்று வாரங்களில் நஞ்சு தணிந்து, அதே புண்ணாக்கு குளத்துக்கு எருவாகிறது! முருங்கையிலையும் அளவுக்குட்பட்டதே. திலேப்பியாவுக்குத் தீவனப் புரதத்தில் 10 சதவிகிதம் வரை அதைக் கொண்டு ஈடுசெய்ய முடிந்தது; அதற்கு மேல் வளர்ச்சி குன்றியது.

தூளை எவ்வாறு கலப்பது என்பது அளவைப் போலவே முக்கியமானது. ஆந்திரத்தின் கொல்லேறு வட்டாரத்தில் தவிட்டையும் புண்ணாக்கையும் துளையிட்ட பைகளில் நிரப்பிக் கழிகளில் கட்டித் தொங்கவிடுவார்கள். மீன்கள் பையை முட்டித் தின்னும். சிக்கனமான முறைதான், ஆனால் நீரில் கரையும் சத்து, மீனின் வாய்க்கு எட்டுமுன்னரே குளத்தில் கலந்துவிடும். குருணைத் தீவனத்தில் வேறொரு இடர்ப்பாடு உண்டு. பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் வெப்பத்தைத் தாங்காது. ஆலையின் சூட்டில் அழிந்துவிடும். தீவனம் ஆறிய பின்னர், சிறிது எண்ணெயுடன் அதன் மீது பூசுவதே தக்கது. மஞ்சளின் குர்குமின் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதற்கும் இம்முறை பொருந்தும்.

இனி, கணக்கு. ஒரு குளத்தில் 5 டன் மீன் பிடிக்கிறோம். கிலோ மீனுக்கு 2 கிலோ தீவனம் செலவாகிறது என்று கொள்வோம். மொத்தம் 10 டன். மூலிகைத் தூளால் அது 1.8 கிலோவாகக் குறைந்தால் 9 டன் போதும். ஒரு டன் மிச்சம். நூற்றுக்கு ஒன்று வீதம் சேர்த்த தூள் 90 கிலோ. ஆகவே, ஒரு கிலோ தூளின் விலை ஒரு கிலோ தீவனத்தின் விலையைப் போல் 11 மடங்குக்கு மேற்பட்டால் பண்ணையாளருக்கு நட்டமே. பூண்டுத் தூள் என்ன விலை என்று கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள். குளக்கரையில் தானே வளரும் முருங்கைக்கு இந்தக் கவலை இல்லை.

ஒருமுறை ஒரு பண்ணையாளர் தாம் வாங்கிய தகர டப்பாவை என்னிடம் காட்டினார். "முழுவதும் மூலிகை" என்று எழுதியிருந்தது. எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு என்பது ஒன்றும் இல்லை. "ஐயா, இது வேலை செய்யுமா?" என்றார். விடை கூற என்னால் இயலவில்லை. அதே ஊரில், ஒரே அளவுள்ள இரு குளங்களில் ஒரே நாளில் குஞ்சு விட்டு, ஒன்றுக்கு மட்டும் அந்தத் தூளைக் கொடுக்கச் சொன்னேன். மாதந்தோறும் வலை வீசி எடை பார்த்து, இட்ட தீவனத்தையும் இறந்த மீனையும் குறித்து வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். இரண்டு குளம் ஒரு சான்றாகாது. பத்துப் பண்ணையாளர்கள் இவ்வாறு எழுதிவைத்தால் ஒரு மாவட்டத்துக்குப் பயன்படும். குறிப்பேட்டுக்கான படிவத்தை உங்களுக்கு வழங்கியுள்ளோம். அதில் நீரின் வெப்பநிலைக்கென்று ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது; அதைப் பேனாவால் சேர்த்துக்கொள்ளுங்கள்.