கடலுக்கு அப்பாலிருந்து வரும் மரக்கால்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், வேளாங்கண்ணியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேளாங்கண்ணியில் நின்று அந்நிய ஆதிக்கத்தைப் பற்றிப் பேசுபவனுக்குக் கடலே முதல் சாட்சி. வடக்கே தரங்கம்பாடியில் டேனியர் 1620-இல் வந்து கோட்டை எழுப்பினர். நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரரும், அவர்களிடமிருந்து 1781-இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். அந்த ஆதிக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குக் கொடி இருந்தது; பீரங்கி இருந்தது; வரி கேட்க அதிகாரி இருந்தான். விடுதலைக்குப் பிறகு வந்த ஆதிக்கத்துக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. அது எவ்வாறு நம் வயலுக்கும் உலைப்பானைக்கும் வந்து சேர்ந்தது என்பதையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

அமெரிக்கா தன்னிடம் தேங்கிக் கிடந்த தானியத்தைப் பிற நாடுகளுக்கு விற்க வகைசெய்யும் பொதுச் சட்டம் 480-ஐ 1954-இல் இயற்றியது. 1956-இல் இந்தியா அதன்கீழ் ஒப்பந்தம் செய்துகொண்டது. டாலர் வேண்டாம், ரூபாயே போதும் என்பது அன்று பெருஞ்சலுகையாகத் தோன்றியது. 1965-இலும் 1966-இலும் மழை பொய்த்தபோதுதான் அச்சலுகையின் மறுபக்கம் தெரிந்தது. நீண்டகால ஒப்பந்தத்தைத் தவிர்த்து, சிறிது சிறிதாகவே தானியம் அனுப்புவது என்று அதிபர் ஜான்சன் முடிவு செய்தார். வேளாண்மைக் கொள்கையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்ட நிபந்தனை. வியட்நாமில் குண்டு வீசப்படுவதை இந்தியா குறை கூறியது வாஷிங்டனுக்குக் கசந்தது என்பதும் வரலாறு. உலக வங்கி முதலியவற்றின் நெருக்குதலுக்கிடையே, 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ரூபாயாயிற்று.

தமிழகத்தில் அரிசித் தட்டுப்பாடு அரசியலையே புரட்டிப் போட்டது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது மேடைதோறும் ஒலித்த வாக்குறுதி. வென்று முதல்வரான அண்ணா, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கும் அளவில்தான் அதைத் தொடங்க முடிந்தது.

தானியத்துக்குக் கையேந்தும் நிலை நீங்க வேண்டுமானால் நெல் பெருக வேண்டும். அந்தப் பொறுப்பு தஞ்சையின் தலையில் விழுந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு 1960-இல் தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. ஆடுதுறை நிலையம் உருவாக்கிய ஏ.டி.டி. 27 குறுவையில் பரவியது, பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 வந்தது. விதையோடு உரமும் பூச்சிமருந்தும் கடனும் வந்தன. விளைச்சல் பெருகியது. கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த நாடு தன் சோற்றைத் தானே விளைவிக்கத் தொடங்கியது. இதைச் சிறுமைப்படுத்திப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால், பெருகிய நெல் யார் களஞ்சியத்துக்குப் போயிற்று? நிலம் உடையவனுக்கே கடன் கிடைத்தது. கடன் கிடைத்தவனுக்கே உரம் கிடைத்தது. களத்துமேட்டில் கூலி அளந்த மரக்கால் மட்டும் நிலத்துக்காரர் கையிலேயே இருந்தது. அந்த அளவைக் கூட்டிக் கேட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை, இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கீழவெண்மணி சொல்லும். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள் என்றே மக்கள் நினைவில் அது நிலைத்திருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று, நம் பேராலயத்தில் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே இரவில், ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. ஆனால் கீழ்நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது.

அந்தத் தீயை வாஷிங்டன் மூட்டியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நம் ஊர்ச் சாதிக்கும் நிலவுடைமைக்கும் தப்பிக்க வழி செய்து கொடுப்பதாகும். பண்ணையாளின் துயரம் ஃபோர்டு அறக்கட்டளைக்கு முந்தியது. நான் சொல்ல வருவது வேறு. வெளியிலிருந்து வரும் ஆதிக்கம் வெறும் நிலத்தில் வந்து இறங்குவதில்லை; உள்ளூரில் முன்பே இருக்கும் ஆதிக்கத்தின் கைகளைக் கொண்டே அது வேலை செய்கிறது. நெருக்கடி மேலிருந்து கீழே வருகிறது. அதன் சுமை எளியவன்மேல் வந்து நிற்கிறது.

இதை நேரில் கண்டு எழுதியவர் மானிடவியலறிஞர் காத்லீன் கஃப். 1950-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தவர்; 1976-இல் திரும்பி வந்தார். விளைச்சல் கூடியதற்கேற்பக் கூலியாட்களின் வாழ்வு உயரவில்லை என்பதே அவர் கண்டது. வியட்நாம் போரை எதிர்த்துக் குரல் கொடுத்தவரும் அவரே. அவருக்கு அந்தப் போரும் இந்த வயலும் இரண்டு தனிச் செய்திகளாகத் தெரியவில்லை.

இது பழங்கதையன்று. 2022-இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது உலகச் சந்தையில் உர விலை ஏறியது. பொட்டாஷுக்கு நாம் பெரிதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறோம். 2022-23-இல் நடுவணரசின் உர மானியம் இரண்டு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தப் பெருந்தொகையும் மக்கள் பணமே. ஏகாதிபத்தியத்துக்கு ஒரே கொடிதான் உண்டென்று எண்ணியிருந்தவர்களுக்கு அது ஒரு பாடம். எந்த வல்லரசு எங்கே படை நடத்தினாலும், அதன் கணக்கில் ஒரு வரி காவிரிக் கடைமடையிலும் எழுதப்படுகிறது.

கவிஞர்களே, பத்தாண்டுகளாக இந்த வட்டத்தில் ஏகாதிபத்தியம் என்ற சொல்லைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டதும் கை தட்டியிருக்கிறோம். அச்சொல்லை உரக்கச் சொல்வது எளிது. அது எந்தக் கப்பலில் ஏறி, எந்தக் கடன் சீட்டில் ஒளிந்து, எந்தக் களத்துமேட்டில் இறங்கியது என்று வழி கண்டு சொல்வது கடினம். அந்த வழியைக் காட்டாத கவிதை, எதிரியைத் தொலைவிலேயே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவனை மறந்துவிடும். அடுத்த பத்தாண்டுகளில் நம் எழுத்து உலக வரைபடத்தையும் பார்க்கட்டும். நம் ஊர் மரக்காலையும் பார்க்கட்டும். அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தயங்காமல் கேட்கட்டும்.