ஐந்தடி ஆறங்குலம்



கூடைப்பந்தாட்டம் என்று சொன்னவுடனே உங்கள் மனக்கண்ணில் யார் வந்து நிற்கிறார்? நிலைப்படியில் தலை இடிக்கும் அளவுக்கு நெட்டையான ஓர் ஆள்தானே? கூடை தொங்குவதோ தரையிலிருந்து பத்தடி உயரத்தில். அதில் பந்தைப் போடவேண்டுமானால் ஆள் பனைமரம் போல வளர்ந்திருக்கவேண்டும் என்று நாம் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தும் பெண்மணியின் உயரம் ஐந்தடி ஆறங்குலந்தான். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு அவர் மூன்று முறை ஒலிம்பிக் தங்கப்பதக்கம் வென்றார். விளையாடி முடித்த பிறகு, விளையாடியதைவிடப் பெரிய பெயரைப் பயிற்றுநராக எடுத்தார்.

அவர் பெயர் டான் ஸ்டேலி. டான் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வைகறை என்று பொருள். பால்வெட்டுக்குப் போகிற வீடுகளில் வைகறை என்றால் என்ன என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

அமெரிக்காவிலே பிலடெல்பியா என்று ஒரு பெரிய நகரம். அதன் வடபகுதியில் ஏழை மக்களுக்காக அரசாங்கம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கேதான் 1970-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த டான் வளர்ந்தார். ஐந்து பிள்ளைகளில் அவர்தாம் கடைக்குட்டி. தாயார் எஸ்டெல் பிறர் வீடுகளில் துப்புரவு வேலை செய்து பிழைத்தவர். அந்த அம்மையார் பிறந்த ஊர் தெற்கே, தென் கரோலினா மாநிலம். கறுப்பின மக்கள் அந்நாளில் தெற்கில் பட்ட பாடுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே பேருந்தில் சேர்ந்து உட்கார முடியாது. ஒரே பள்ளியில் படிக்க முடியாது. அதனால் இலட்சக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே போயின. எஸ்டெலும் சிறுபெண்ணாக இருந்தபோது அப்படிப் போனவர்தாம். தென் கரோலினா என்ற இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வரும்.

குடியிருப்புத் திடலில் டான் முதலில் ஆடியது பையன்களோடுதான். அண்ணன்மார் ஆடினார்கள், தங்கையும் போய் நின்றாள். நம் பக்கத்திலே இப்படி ஒரு பெண்பிள்ளை போய் நின்றால் என்ன சொல்வோம்? பத்து வயது வரையில் ஒன்றும் சொல்லமாட்டோம். பதின்மூன்று, பதினான்கு வயது ஆகட்டும், "பெரிய மனுசி ஆயிட்டே, இன்னும் என்ன திடல்லே ஆட்டம்?" என்று பாட்டி தொடங்கிவிடுவார். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கிய எத்தனையோ பெண்பிள்ளைகளின் ஓட்டம் அந்த ஒரு கேள்வியோடு நின்று போயிருக்கிறது. எஸ்டெல் அம்மையார் கண்டிப்பானவர். ஆனாலும் மகளைத் திடலிலிருந்து இழுத்து வரவில்லை.

பையன்கள் எல்லாரும் தன்னைவிட உயரம், பலம். நேருக்கு நேர் மோதினால் விழவேண்டியதுதான். ஆகவே டான் வேறொன்றைக் கற்றுக்கொண்டார். கூடைப்பந்தில் ஒவ்வோர் அணியிலும் ஐந்து பேர் ஆடுவார்கள். அவர்களில் ஒருவருக்குப் பந்தைத் தரையில் தட்டித் தட்டி முன்னே கொண்டுவந்து, யாருக்குக் கொடுத்தால் கூடையில் விழும் என்று பார்த்துக் கொடுப்பது வேலை. அவர் தாமே பந்தைக் கூடையில் போடவேண்டும் என்பதில்லை. நால்வர் எங்கே நிற்கிறார்கள், எதிரிகள் ஐவர் எங்கே நிற்கிறார்கள், இன்னும் இரண்டு வினாடியில் யார் எங்கே இருப்பார்கள் என்று கணக்குப் போடவேண்டும். தரையோடு ஒட்டி ஓடுகிற குள்ளமானவருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. பந்து கைக்கும் தரைக்கும் இடையே குறைந்த தூரமே போய்வருவதால், நெட்டையானவர் அதைத் தட்டிப் பறிப்பது கடினம். இந்த இடத்திற்குத்தான் டான் பேர்போனார். பிற்காலத்தில் பயிற்றுநரானதற்கும் விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம். ஆடும்போதே மற்ற நால்வருக்கும் சேர்த்துச் சிந்தித்தவர் அவர்.

இனி ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1972-ஆம் ஆண்டில், டானுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசாங்கத்தின் பணம் பெறுகிற எந்தப் பள்ளியும் கல்லூரியும் ஆண், பெண் என்று வேற்றுமை பாராட்டக்கூடாது என்பது அதன் சாரம். அது விளையாட்டையும் தொட்டது. பையன்களுக்கு விளையாட்டுக்காகப் படிப்புதவி கொடுக்கும் கல்லூரி பெண்களுக்கும் கொடுக்கவேண்டியதாயிற்று. துப்புரவு வேலை செய்யும் தாயின் மகள் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வாயிலில் கால் வைத்தது அந்தக் கதவு வழியாகத்தான். திறமை டானுடையது, ஆனால் கதவு மூடியிருந்தால் திறமை வெளியேதான் நின்றிருக்கும்.

1988 முதல் 1992 வரை அங்கே படித்தார். மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து அவருடைய அணி நாட்டின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது. 1991-இல் இறுதியாட்டம் வரை போய், கூடுதல் நேரம் கொடுத்தும், டென்னசியிடம் 70-க்கு 67 என்று மூன்றே புள்ளியில் தோற்றார்கள். தோற்ற அணியில் ஆடியிருந்தும் அந்தப் போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை டானுக்கே கொடுத்தார்கள். இருந்தாலும் மாணவியாக இருந்த காலத்தில் நாட்டின் வெற்றியாளர் பட்டம் அவருக்குக் கிட்டவே இல்லை. படித்து முடித்த 1992-ஆம் ஆண்டில் பார்சலோனா ஒலிம்பிக் அணிக்கும் அவரை எடுக்கவில்லை.

அப்போது அமெரிக்காவிலே பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கும் கூடைப்பந்துச் சங்கம் எதுவும் நிலைத்திருக்கவில்லை. பட்டம் வாங்கிய பெண் கூலிக்கு ஆடவேண்டுமானால் கப்பலேறிப் போகவேண்டும். டான் பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், பிரேசில் என்று ஊர் ஊராகப் போய் ஆடினார். மொழி தெரியாத ஊரில், வீட்டை விட்டு, பிழைப்புக்காக. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியும்.

1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் வந்தது. இம்முறை டான் அணியில் இருந்தார். அந்த அணி ஓராண்டு முழுதும் ஊர் ஊராகச் சென்று 52 ஆட்டம் ஆடி 52-லும் வென்றது; ஒலிம்பிக்கில் 8 ஆட்டம், எட்டும் வெற்றி. அறுபதுக்கு அறுபது! அந்த உற்சாகத்தில் அதே ஆண்டு சம்பளச் சங்கம் ஒன்று ஆட்டத்தைத் தொடங்கியது. டான் அதில் சேர்ந்தார். இரண்டே ஆண்டு கழித்து, 1998 டிசம்பரில், பருவத்தின் நடுவிலேயே பணமில்லை என்று அந்தச் சங்கத்தை இழுத்து மூடிவிட்டார்கள். ஒருநாள் காலையில் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் வேலையற்றவர்கள். அதிர்ஷ்டவசமாக வேறொரு சங்கம் நின்று பிடித்தது. 1999-இல் அதன் சார்லட் நகர அணியில் சேர்ந்து, 2006 வரை, கடைசி ஓராண்டு ஹூஸ்டனுக்கு மாறி, ஆடினார். 2001-இல் சார்லட் அணி தொடக்கத்தில் 11 ஆட்டத்தில் 10 தோற்றுக் கிடந்தது. அதே அணி அதே பருவத்தில் இறுதியாட்டத்திற்குப் போனது. இறுதியில் லாஸ் ஏஞ்சலீசிடம் தோற்றது என்பது வேறு கதை.

2000-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகம் பயிற்றுநராக வாருங்கள் என்று அவரை அழைத்தது. நான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேனே என்று டான் முதலில் தயங்கினார். பிறகு ஒரு வழி கண்டார்கள். சம்பளச் சங்கத்தின் ஆட்டம் கோடையில்; கல்லூரி ஆட்டம் குளிர்காலத்தில். ஆகவே கோடையில் ஆட்டக்காரர், குளிரில் பயிற்றுநர். ஆறு ஆண்டு காலம் இப்படி இரண்டு வேலையும் பார்த்தார். இதற்கு நடுவே 2000-இல் சிட்னியிலும் 2004-இல் ஏதென்சிலும் இன்னும் இரண்டு தங்கம். ஏதென்சு தொடக்க விழாவில் அமெரிக்கக் குழு முழுவதற்கும் முன்னால் கொடி பிடித்து நடந்தவர் அவர்தாம்.

2008-இல் அவர் எடுத்த முடிவு பலருக்கு விளங்கவில்லை. டெம்பிளில் நல்ல பெயர், சொந்த ஊர், எட்டு ஆண்டில் ஆறு முறை தேசியப் போட்டிக்குத் தகுதி. இதையெல்லாம் விட்டுவிட்டு, கடைசி வரிசையில் கிடந்த ஓர் அணிக்குப் போனார். எந்த ஊர் என்கிறீர்கள்? தென் கரோலினா. தாயார் சிறுபெண்ணாக விட்டுச்சென்ற அதே மாநிலம்.

முதல் பருவத்தில் 10 வெற்றி, 18 தோல்வி. அரங்கில் 18,000 பேர் உட்காரலாம். வந்தவர்கள் கொஞ்சம் பேர். டான் சளைக்கவில்லை. உள்ளூர்ப் பெண்பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார். அப்படி வந்தவர்களில் அந்த ஊரிலேயே வளர்ந்த ஏஜா வில்சன் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஆனார். 2014-15 பருவத்தில் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்துக்கு நாட்டிலேயே மிகுதியான கூட்டம் வந்தது அந்த அரங்குக்குத்தான். 2017-இல் தேசிய வெற்றி. மாணவியாகக் கிட்டாத பட்டம் 26 ஆண்டு கழித்துப் பயிற்றுநராகக் கிட்டியது. அதே ஆண்டில் தாயார் எஸ்டெல் காலமானார்.

2022-இல் மீண்டும் வெற்றி. 2023-இல் ஓர் ஆட்டமும் தோற்காமல் 36 வெற்றியோடு வந்து, அரையிறுதியில் அயோவாவிடம் நான்கு புள்ளியில் சறுக்கினார்கள். அந்த அணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் ஐந்து பேரும் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். இனி என்ன என்று எல்லாரும் கேட்டபோது, மறு ஆண்டு புது ஐவரை வைத்து 38 ஆட்டத்தில் 38 வென்று காட்டினார். இறுதியாட்டத்தில் வீழ்ந்தது அதே அயோவா. இடையில், 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில், அமெரிக்கப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்றுநராக நின்று தங்கம் வென்றார். அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

சம்பள விவகாரத்தையும் சொல்லாமல் விடமுடியாது. அதே பல்கலைக்கழகத்தில் ஆண்கள் அணிக்கும் ஒரு பயிற்றுநர் உண்டு. வெற்றி அதிகம் டானுக்கு, சம்பளம் அதிகம் அவருக்கு என்றால் எப்படி? டான் வாய்மூடி இருக்கவில்லை. 2021-இல் ஏழு ஆண்டுக்கு 2 கோடியே 24 இலட்சம் டாலர் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். ஆண்கள் பயிற்றுநருக்குச் சமமான சம்பளம். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற கணக்கைத் தோட்டங்களில் பார்த்த மூத்த தாய்மார்கள் இதைக் கேட்டு என்ன நினைக்கிறீர்களோ, தெரியவில்லை.

பட்டம் வென்ற அணி ஏணி வைத்து ஏறி, கூடையின் வலையைக் கத்தரித்து எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். 1999-இல் கேரலின் பெக் என்பவர் தேசியப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண் பயிற்றுநர் ஆனார். அவர் தம்முடைய வலையிலிருந்து ஒரு துண்டை 2015-இல் டானிடம் கொடுத்தார். டான் அதைப் பணப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். தமக்கு வெற்றி கிட்டிய பிறகு தம் வலையைத் துண்டு துண்டாக வெட்டி, கல்லூரிகளில் பயிற்றுநராக இருக்கும் கறுப்பினப் பெண்களுக்கெல்லாம் அஞ்சலில் அனுப்பினார். ஒரு துண்டு நூல்தான். கடையில் காசு பெறாது.

அவர் தொடங்கிய அறநிலையம் ஒன்று தென் கரோலினாவில் ஏழைப் பிள்ளைகளுக்குப் புதுக் காலணி வாங்கிக் கொடுக்கிறது. பழையது அல்ல, புதியது. அண்ணன் போட்டுத் தேய்த்ததைத் தம்பி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த வேறுபாடு தெரியும்.

2025 ஏப்ரலில், எஸ்டெல் விட்டுப்போன அந்த மாநிலத்தின் தலைநகரில், மகளுக்குச் சிலை வைத்தார்கள். ஏணியின் மேல் ஏறி நின்று, வெட்டிய வலையைக் கையில் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஏணியின் மேல் நிற்பதால், அங்கே அவர் நல்ல உயரமாகத்தான் தெரிகிறார்.