தெரியாத இடத்தில் என்ன வரைவது?

மத்ரீத் கடற்படை அருங்காட்சியகத்தில் 1500ஆம் ஆண்டில் தோலில் வரைந்த உலகப்படம் ஒன்று இருக்கிறது. வரைந்தவர் ஹுவான் டி லா கோசா. கொலம்பஸோடு கடலோடியவர்.

அதில் கியூபாவைப் பாருங்கள். கியூபா தீவல்ல, ஆசியப் பெருநிலம்தான் என்று 1494இல் கொலம்பஸ் தன் ஆட்களிடம் சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்தவர்களில் கோசாவும் ஒருவர். ஆறு ஆண்டு கழித்து அவரே வரைந்த படத்திலோ கியூபா நாலாபுறமும் தண்ணீர் சூழக் கிடக்கிறது! வாய் சொன்னதைக் கை ஏற்கவில்லை.

அதே கை மேற்கு ஓரத்தில் கொஞ்சம் தந்திரம் செய்கிறது. கரை தொடர்கிறதா, ஆசியாவுக்குக் கடல்வழி திறக்கிறதா என்று யாருக்கும் தெரியாத இடத்தில், குழந்தை இயேசுவைச் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்டோபரின் ஓவியம். கொலம்பஸின் பெயரும் கிறிஸ்டோபர்தானே. தலைவருக்கு மரியாதையும் ஆயிற்று, கேள்வியும் மறைந்தது.

மறைப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம், இல்லாததை வரைவதை அல்ல. பிரெஞ்சு மன்னருக்காக 1524இல் கடலோடிப் போன வெரஸ்ஸானோ, இன்றைய வட கரோலினாவின் மணல்திட்டுகளுக்கு அப்பால் தெரிந்த காயலைப் பசிபிக் கடல் என்று நம்பிவிட்டார். அவருடைய சகோதரர் ஜிரோலமோ 1529இல் அதைப் படமாக்கினார். கண்டத்தின் இடுப்பை ஒடித்து உள்ளே புகுந்த அந்தக் கடல், 1582இல் லண்டனில் வெளிவந்த மைக்கேல் லாக்கின் படத்திலும் இருக்கிறது. கரைக்கோடு அழகாக இருந்ததால் பொய்யும் நிலைத்தது.

என் மதிப்பில் தெரியாத இடத்தை வரையும் கலையின் நேர்மையான படைப்பு 1612இல் ஆக்ஸ்போர்டில் அச்சான ஜான் ஸ்மித்தின் வர்ஜீனியா படம். ஸ்மித் தற்பெருமைக்காரர், அவர் கதைகளை அப்படியே நம்ப முடியாது. ஆனால் செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகளின் மேல் சின்னச் சின்னச் சிலுவைகள் போட்டிருக்கிறார். சிலுவை வரை ஆங்கிலேயர் நேரில் கண்டது, அதற்கு அப்பால் பிறர் சொல்லக் கேட்டது என்று படத்திலேயே குறிப்பும் உண்டு. சொன்னவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். அவர்கள் சொல்லித் தெரிந்த ஆறுகளும் ஊர்களும் அதில் ஏராளம். அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் பிற படக்காரர்கள் அதைப் பார்த்தே வரைந்தார்கள்.