கால்சியம் மாத்திரையை எதோடு போடுறீங்க?



வீட்டுக்குப் போனதும் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். அனேகமாக ஒரு கால்சியம் அட்டை கிடக்கும். "முட்டி வலிச்சுது, மெடிக்கல்ல கேட்டு வாங்கினேன்" என்பார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முட்டி வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தால் வருவது. எலும்பு பலம் இழப்பது வேறு விஷயம். அது வலிக்கவே வலிக்காது. பாத்ரூமில் லேசாக வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் பல பேருக்குத் தெரியவே வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

நம் உடம்பில் இருக்கும் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. மீதி ஒரு சதவீதம் ரத்தத்திலும் தசைகளிலும் மற்ற இடங்களிலும் இருந்து, இதயம் துடிக்கவும் தசை அசையவும் உதவுகிறது. ரத்தத்தில் அளவு குறைந்தால் உடம்பு காத்திருக்காது. எலும்பில் இருந்து எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டில் வராவிட்டால் தினமும் இப்படித்தான் நடக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 கிடைக்கும். பால் பிடிக்காதா? 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாமே நல்லவை. பசலைக்கீரையிலும் கால்சியம் உண்டு, ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடம்பில் சேருவது கொஞ்சம்தான். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-இல் இருந்து ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கும் வசதி வந்தது. களியோ, கூழோ, அடையோ, வாங்கியதைச் செய்து சாப்பிட்டால் சரி.

சாப்பிட்ட கால்சியம் குடலில் இருந்து ரத்தத்துக்குப் போக வைட்டமின் டி வேண்டும். இதைத் தருவது வெயில். "நான்தான் தினம் காலைல ஆறு மணிக்கு வாக்கிங் போறேனே டாக்டர்" என்று நிறைய பேர் சொல்கிறார்கள். நடப்பது எலும்புக்கு நல்லதுதான், அதை விடாதீர்கள். ஆனால் அந்த இளவெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் வேலை செய்யும். கை, கால் தெரிய கொஞ்ச நேரம் நின்றால் போதும், தோல் எரியும் வரை வேண்டாம். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலால் பயனில்லை. நாள் முழுக்க ஆபீசில், கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த ஊர் வெயிலிலும் வைட்டமின் டி குறைவது இதனால்தான்.

உடனே மெடிக்கலில் 60,000 யூனிட் மாத்திரை வாங்கிவிடாதீர்கள். அது பொதுவாக வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும், டாக்டர் எழுதித் தருவது. தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். வாட்ஸ்அப்பில் வந்தது என்பதற்காக எதையும் விழுங்க வேண்டாம்.

மெக்னீசியம், பாஸ்பரஸ், வைட்டமின் கே இவையும் எலும்புக்கு வேண்டும்தான். பருப்பு, கடலை, கீரை, சிறுதானியம் சாப்பிடுகிற வீட்டில் பொதுவாக இவற்றுக்குத் தனி மாத்திரை தேவைப்படாது.

கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வகை மாத்திரை தருகிறார்கள். ஒன்று இரும்புச்சத்து, தினம் ஒன்று. இன்னொன்று கால்சியம், வைட்டமின் டி சேர்ந்தது, நான்காவது மாதத்தில் இருந்து குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை தினம் இரண்டு. மறந்துவிடும் என்று இரண்டு வகையையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அப்படிப் போட்டால் கால்சியம் இரும்பைச் சேரவிடாது. மாதக்கணக்கில் மாத்திரை போட்டும் "ஏம்மா ரத்தம் ஏறலை?" என்று நர்ஸ் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிரசவ நேரத்தில் ரத்தம் குறைவாக இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. ஆகவே கால்சியத்தைக் காலை, மதியச் சாப்பாட்டோடு ஒவ்வொன்றாகப் போடுங்கள். இரண்டையும் ஒரே வேளையில் போட்டால் முழுசாகச் சேராது. இரும்பு மாத்திரையை ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீரோடு போடுங்கள். டீ, காபி, பால் எதுவும் அதோடு கூடாது. கையில்தான் செல்போன் இருக்கிறதே, மூன்று அலாரம் வைத்துவிடுங்கள்.

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் கால்சியத்துக்கு நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கேட்காமல் கால்சியம் தொடங்க வேண்டாம். எதை எப்போது போடுவது என்று குழப்பமாக இருந்தால், மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு 104-க்குப் போன் பண்ணுங்கள். அட்டையில் இருக்கும் பெயரைப் படித்துச் சொன்னால் போதும்.